அடி தேடுதல் பாவமா?

அரியலூரைச் சுற்றிலும், சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்த பின்னர்க் கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளங்களில் ஆண்டாண்டாகப் பெய்த மழை தேங்கி நின்று, ஏரி என்று சொல்லத்தக்க விரிவும், நம் ஊர் ஏரிகளுக்கு வழக்கமில்லாத ஆழமும் உடைய நீர்நிலைகளாக அவை மாறிக் கிடக்கின்றன. கரை சரிவாக இறங்காமல் வெட்டிய சுவராகவே நீருக்குள் போய்விடுவதால், ஓரத்தில் நின்று பார்ப்பவனுக்கு மேலாக வெளிறிய ஒரு பச்சையும், அதற்கப்பால் எதுவும் பிடிபடாத இருளுமே தென்படும். "அதுக்கு அடியே கிடையாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்தச் சொல்லை அப்படியே ஏற்காமல், ஒரு குழாய்க்குள் காமிராவை வைத்து அடைத்துக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டால் என்ன என்று கைவேலை தெரிந்த இளைஞர்கள் நினைப்பது இயல்பு. "தண்ணி மூடி வச்சிருக்கிறதைத் திறந்து பாக்குறது நல்லதில்லப்பா" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதும் அவ்வளவுக்கு இயல்பு. மனிதன் காணமாட்டாத ஆழம் என்று ஒன்று இருப்பதனாலேயே அவனிடம் பயபக்தி தங்குகிறது, ஆழங்களையெல்லாம் யந்திரக் கண்கொண்டு துழாவிவிட்டால் வணங்குவதற்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அப்பெரியவர்களின் உள்ளக்கிடக்கை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. மறைந்திருப்பதைக் காண முயல்வது தெய்வத்துக்கு விரோதமா என்னும் வினா, நம் சமயத்தின் மிகப் பழைய கதைகளில் ஒன்றிலேயே எழுப்பப்பட்டு, அங்கேயே விடையும் பெற்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் அதைச் செய்யும் வேலையிலேயே தத்துவ விசாரம் தொடங்கிவிடுகிறது. தடித்த ஒரு குழாய், அதன் ஒரு வாயை மூடும் கண்ணாடி, கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே கிரீஸ் தடவிய ரப்பர் வளையம், உள்ளே காமிராவும் சிறு விளக்குகளும், மேலே வரும் கம்பி, கீழே இழுக்க ஓர் எடை என்று பொருள்கள் எல்லாம் கடைத்தெருவில் கிடைப்பவையே. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1 கிலோ பாரம் கூடுகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கண்ணாடியை 30 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பினால் அதன் முகத்தில் 230 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் வந்து அமர்ந்துவிடும். நாம் கையில் ஏந்திப் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும் அந்த ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் சிக்கியிருந்தாலும் போதும், அத்தனை உழைப்பும் நீராகிவிடும். வானொலி அலைகளோ நீருக்குள் நுழைந்தவுடனே மடிந்துபோகின்றன. ஆகையால் படம் மேலே வரக் கம்பியைத் தவிர வேறு கதியில்லை. ஒளியும் அப்படியே: வண்ணங்களில் முதலில் சாவது சிவப்பு. குங்கும நிறத் துணியொன்றை ஆழத்தில் கதிரவன் ஒளியில் பார்த்தால் அது கருப்பாகவே தெரியும். தன் விளக்கைத் தானே கொண்டுபோனாலன்றி அதன் உண்மை நிறத்தை எந்தக் காமிராவும் காணாது.

1856-ல் இங்கிலாந்தின் வேமத் என்னும் கடற்கரை ஊரில் வில்லியம் தாம்ஸன் என்ற ஒரு வழக்கறிஞர், தச்சனைக் கொண்டு மரப்பெட்டி ஒன்று செய்வித்து, அதன் முகத்தில் கண்ணாடி பதித்து, காமிராவை உள்ளே வைத்துப் படகிலிருந்து 18 அடி ஆழத்துக்கு இறக்கினார். பத்து நிமிஷ நேரம் ஒளியை உள்ளே விட்டுவைத்தார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. அப்படியிருந்தும் தகட்டில் பாறையும் பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. நீருக்கடியில் எடுத்த முதற் புகைப்படம் அதுவே என்று கருதப்படுகிறது. அவரும் நம்மைப் போல் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே அமைத்துக்கொண்டவர்தாம்.

பெரம்பலூர் மாவட்டத்தாருக்கு இதுபோன்ற கருவி புதியதன்று. அம்மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடும்பாறை நிலம். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் நீர் வேண்டி, கடன் வாங்கி, பல நூறு அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அத்துளை வற்றும்போதோ மோட்டார் நடுவில் சிக்கிக்கொள்ளும்போதோ, 'போர் கேமரா' வைத்திருப்பவரை அழைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆலத்தூர் வட்டத்துக் கொல்லையொன்றில் இதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். துளையின் மேல் ஒரு முக்காலி. அதில் ஒரு கப்பி. கப்பியின் வழியே, கை மொத்தமுள்ள எவர்சில்வர் குழாயொன்று, முகத்தைச் சுற்றி விளக்குகள் எரிய, மெல்ல மெல்ல இறங்குகிறது. வெயிலில் திரை தெரியவில்லை என்று நிலத்துக்காரர் தம் துண்டை அதன்மேல் போர்த்தித் தம் தலையையும் அதற்குள் நுழைத்துக்கொண்டார். கேசிங் பைப் முடிந்து பாறை தொடங்கும் விளிம்பு முதலில் வந்தது. பிறகு நெடுநேரம் காய்ந்த பாறைச் சுவர். பிறகு குறுக்காக ஒரு வெடிப்பும், அதன் உதட்டிலிருந்து கசிந்து விளக்கொளியில் மின்னிக்கொண்டே வழியும் ஈரமும் தெரிந்தன. "அண்ணே, இந்தா பாருங்க, ஊத்து" என்றார் கருவிக்காரர். நிலத்துக்காரர் துண்டை விலக்கிக்கொண்டு எழுந்தார், வேறொன்றும் பேசவில்லை, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகுவித்துக் கும்பிட்டார்.

இந்தக் கும்பிடுதான் என்னை நீண்டநாள் சிந்திக்கச் செய்தது. அதே துளைக்கு இடம் குறித்தவர், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தைக் காட்டிய நீரோட்டம் பார்ப்பவர். அவர் வாக்கின்மேல் வைத்த விசுவாசம் ஒன்று. அதற்குப் பின் பூமியில் மின்சாரம் செலுத்தி, அது எதிர்ப்படும் தடையைக் கொண்டு கீழே ஈரம் இருக்கலாம் என்று ஊகித்துச் சொன்னவரும் உண்டு, அது அநுமானம். இப்போது கண்ணால் கண்டது பிரத்தியட்சம். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்த நூல்கள் வகுத்த மூன்று பிரமாணங்களும் ஒரே துளையின் வாயில் வந்து கூடியிருந்தன. அம்மூன்றனுள் பிரத்தியட்சம் வந்தவுடன் பக்தி விடைபெற்றுப் போயிருக்க வேண்டும் என்பது நம் பெரியவர்களின் அச்சம். நான் கண்டதோ, கண்ணால் கண்ட பின்புதான் அம்மனிதர் கும்பிட்டார் என்பது. துளையிடுமுன் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தபோது அவர் வேண்டிக்கொண்டிருந்தார்; அது பயத்தில் பிறந்தது. ஊற்றைக் கண்டு குவித்த கையிலோ வேண்டுதல் ஏதும் இல்லை.

ஆனால் பிரத்தியட்சமும் பிழைபடும் என்பதை மறக்கலாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியார், தெய்வத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவைகளைப் பற்றிப் பேசுகிறது. அங்கே ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் மெய்க்காட்சியிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. கண்ட மாத்திரத்தில் கண்டதாகாது என்பதைப் பக்தி நூலொன்று தன் வாசலிலேயே எழுதிவைத்திருப்பது நாம் எண்ணிப் பெருமைகொள்ளத்தக்க செய்தி. இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் முட்டை முட்டையாக உருண்ட பெரிய கற்கள் வெளிப்பட்டபோது, அவை டைனோசர் முட்டைகள் என்று செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. கூட்டம் கூடிப் பார்த்தது. பின்னர் அறிந்தவர்கள் வந்து ஆராய்ந்து, அவை முட்டைகளல்ல, பழங்கடலின் படிவுகளில் உருண்டு திரண்ட கற்களே என்று விளக்கினர். பார்த்தவர் கண்களில் குறையில்லை. கல் உண்மை, அதன் வடிவமும் உண்மை. பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் ஆசை புகுந்துகொண்டது.

இப்போது அந்தப் பழைய கதைக்கு வருகிறேன். யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் வாதாடுகையில், அவர்களுக்கிடையே முதலும் முடிவும் தெரியாத நெருப்புத் தூண் ஒன்று எழுந்ததும், திருமால் பன்றியாகி நிலத்தைத் தோண்டிக்கொண்டு அடியைத் தேடிப் போனதும், பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்ததும் நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டது. சோழர் காலம் தொட்டுத் தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் கருவறையின் மேற்குக் கோஷ்டத்தில் இக்காட்சியையே கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள்; வலம் வருகிறவன் கழுத்தைத் தாழ்த்திப் பார்த்தால் தூணின் காலில் பன்றி முகம் புதைத்துத் தோண்டுவதைக் காணலாம். இக்கதையை, தேடியவர்கள் தோற்றார்கள், ஆகையால் தேடாதே என்று போதிப்பதாகவே பலரும் எடுத்துக்கொள்கிறோம். கதையின் தண்டனைப் பகுதியை நிதானித்து நோக்கினால் வேறு பொருள் துலங்கும். திருமால் தேடினார், அடியைக் காணவில்லை, மேலே வந்து, காணவில்லை என்றே சொன்னார். அவருக்குச் சாபம் இல்லை, வழிபாடும் குறையவில்லை. பிரமனும் தேடினார், அவரும் காணவில்லை, ஆனால் மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து, கண்டேன் என்றார். கோயில் இழந்தவர் அவர். பூஜை இழந்தது அந்தப் பூ. இருவருடைய தேட்டமும் ஒன்றே, இருவருடைய தோல்வியும் ஒன்றே. விதியைப் பிரித்தது திரும்பி வந்து சொன்ன வார்த்தை. தேடியதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதை இக்கதையை ஓதுகிற நாம் ஏனோ கவனிக்கத் தவறிவிட்டோம்.

இதே அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே, முதலாம் இராஜேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என்ற பெயரால் விளங்குகிறது. கங்கை நீரால் ஆன ஜயஸ்தம்பம் என்று அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. பதினாறு மைல் நீளக் கரை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறிக்கப்பட்ட அந்த ஏரியின் பெரும் பகுதி தூர்ந்து வயலாகிவிட்டது. நெருப்புத் தூணைத் தெய்வமாகக் கொண்ட ஒரு மரபு, தன் வெற்றியை நீர்த்தூணாக நிறுத்தியது என்பதை நினைக்கையில், ஆழத்தைக் கண்டு அஞ்சி விலகிய மக்களாக நம் முன்னோரை என்னால் எண்ண முடியவில்லை. சிதம்பரத்தில் இன்றும் திரையை விலக்கித்தான் ரகசியத்தைக் காட்டுகிறார்கள். உள்ளே தங்க வில்வமாலை தொங்கும் வெளியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் காட்டுகிறார்கள். தன் தலையாய ரகசியத்தைத் திறந்து காட்டும் ஒரு சமயம் ஒரு காமிராவைக் கண்டு கலங்குவதற்கு என்ன காரணம்?

தாழம்பூச் சாட்சியம் புராணத்தோடு முடிந்துவிடவும் இல்லை. ஸ்காட்லாந்து தேசத்தில் நெஸ் என்னும் ஆழமான ஏரியில் பூதாகாரமான ஒரு பிராணி வசிப்பதாகப் பேச்சு எழுந்து, 1934-ல் அதன் நீண்ட கழுத்து நீரின்மேல் எழுந்து நிற்கும் புகைப்படம் ஒன்று பத்திரிகையில் வெளியாயிற்று. அறுபது ஆண்டுக் காலம் உலகத்தை மயக்கிய அந்தப் படம், விளையாட்டுப் பொம்மையான ஒரு நீர்மூழ்கியின்மேல் செய்துவைத்த தலையே என்பது 1994-ல்தான் வெளியே வந்தது. அந்த ஏரிக்கு ஒரு பாவமும் செய்யாத காமிரா, அதை ஏந்திய மனிதர்களின் பொய்யைச் சுமந்தது. இதற்கு நேர்மாறாகவும் ஒரு செய்தி உண்டு. கலிபோர்னியாவின் வடபகுதியில் ஹால் சிட்டி என்னும் குகையில், நீர் நிறைந்த குழியொன்றுக்குள் கொள்ளையர் தங்கம் போட்டு மறைத்தார்கள் என்ற கர்ண பரம்பரைக் கதையைக் கேட்டு, எரிக் ஸ்டாக்போல், டேவிட் லாங் என்னும் இரு நண்பர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு சிறு நீர்மூழ்கிக் காமிராவைச் செய்தார்கள். தங்கம் கிட்டவில்லை, அதை மறைக்கவும் இல்லை. தங்கள் கருவியின் வரைபடங்களை மட்டும் எவரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று 2012 வாக்கில் உலகத்துக்குப் பொதுவாக்கினார்கள். அது திருமாலின் வழி.

கிறிஸ்துவ சமயத்திலும் எனக்குப் பிடித்த ஒருவர் உண்டு. ஆஞ்செலோ செக்கி என்ற இயேசு சபைக் குருவானவர் 1865-ல் போப்பாண்டவரின் கப்பலொன்றில் ஏறி, வெள்ளை வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். இன்றளவும் ஏரி நீரின் தெளிவை அளப்பதற்கு அவர் பெயர் தாங்கிய தட்டே எங்கும் பயன்படுகிறது. தம் கண் எவ்விடத்தில் தோற்றது என்பதையே அளவாக எழுதிவைத்த அந்தத் துறவியின் செயலில் நான் ஒரு ஜபத்தின் சாயலைக் காண்கிறேன்.

இனி, கருவி தொட முடியாத எல்லை ஏதேனும் உண்டா என்றால், உண்டு. அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. கலங்கிய நீரில் காமிராவை இறக்குகிறவர்கள் விரைவில் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று விளக்கை அதிகமாக்கினால், மிதக்கும் துகள்களில் அவ்வொளி மோதித் திரும்பிக் கண்ணாடியிலேயே வந்து விழுந்து, திரை முழுதும் வெண்புகையாகிவிடும். தன் வெளிச்சமே தனக்குத் திரையாகிவிடும். விளக்கைக் குறைத்து, கண்ணாடியை விட்டு விலக்கிப் பக்கவாட்டில் வைத்தால்தான் எதிரே உள்ள பொருள் துலங்கும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றி எத்தனையோ வியாக்கியானங்கள் படித்தும் எனக்குச் சரியாகப் பிடிபடாத ஒரு நுட்பம், இந்த விளக்கை இடம்மாற்றும் வேலையில் பிடிபட்டது.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோராம் சூத்திரத்தில் கண்ணையும் உயிரையும் கொண்டு இதனை மேலும் கொண்டு செல்கிறது. கண் தானாகக் காண்பதில்லை, உயிர் உடனின்று காட்டவே காண்கிறது. அவ்வாறே உயிரும் இறைவன் உடனின்று காட்டவே அறிகிறது என்பது அங்கே பெறப்படும் கருத்து. ஆழத்தில் இறங்கும் காமிரா இந்த வரிசையில் கண்ணுக்கு முன்னால் இன்னொரு கண்ணைக் கோக்கிறது, அவ்வளவே. கம்பியை 30 மீட்டர் நீட்டினாலும் 300 மீட்டர் நீட்டினாலும் நீள்வது கீழ்முனை. காட்டுகிறவன் நிற்பது மேல்முனையில், திரைக்கு முன் குனிந்திருக்கும் மனிதனுக்கும் பின்னால். ஆழத்தையெல்லாம் பார்த்துவிட்டால் தெய்வத்துக்கு இடமில்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், தெய்வத்தை நீருக்கு அடியில் குடிவைத்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். சித்தாந்தம் அவனை அங்கே குடிவைக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பள்ளங்களின் அடியில் இருப்பதுதான் என்ன? மற்ற ஏரிகளில் சேறு இருக்கும். அரியலூரின் சுண்ணாம்புப் பள்ளத்தின் அடியில் இருப்பது ஒரு கடலின் தரை. ஏறத்தாழ பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வரை, இந்நிலத்தின்மேல் கடல் வந்தும் போயும் இருந்தது. 1840-களில் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் திரட்டிய சிப்பிகளிலிருந்தும், 1862-ல் பிளான்ஃபோர்டு எழுதிய நில ஆய்விலிருந்தும், ஸ்டாலிஸ்கா செய்த விரிவான வருணனைகளிலிருந்தும் இதை உலகம் அறிந்துகொண்டது. ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டுகளும், தடித்த சிப்பிகளும், கடல் முள்ளெலிகளும் இம்மண்ணில் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று முழுதும் கல்லாகிக் கிடப்பதை 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுரைத்தார், அது கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடற்படிவில் புதைந்தது. கோடிக்கணக்கான ஆண்டு வெயிலில் காய்ந்த கடல்தரை, சிமெண்டுக்காக மேல்மண் நீக்கப்பட்டு, மழையால் மீண்டும் நீருக்குள் போயிருக்கிறது. அங்கே காமிராவை இறக்குகிறவன், நீருக்கடியில் மறுபடியும் நீர்க்கோலம் பூண்ட ஒரு பழங்கடலைப் பார்க்கிறான். இதைக் காண்பது பக்தியைக் குறைக்கும் என்று எவரேனும் சொன்னால், அவர் பக்தி என்று எதைக் கருதுகிறார் என்று நான் பணிவோடு கேட்பேன்.

ஆகவே அத்தகைய கருவி செய்ய முனையும் அரியலூர், பெரம்பலூர் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. கருவியை இறக்குங்கள், நீங்கள் இறங்காதீர்கள். அப்பள்ளங்களின் சுவர் செங்குத்தானது, விளிம்பு உதிரக்கூடியது, அவற்றில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளுக்காக அழுத வீடுகள் அந்தச் சுற்றுவட்டத்தில் உண்டு. உரிமையுடையவர்களிடம் அனுமதி பெற்று, உறுதியான தரையில் பின்வாங்கி நின்று கம்பியை விடுங்கள். நாள், இடம், ஆழம், நீரின் தெளிவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். கலங்கலைத் தவிர ஒன்றும் காணாத நாளில், ஒன்றும் காணவில்லை என்றே எழுதுங்கள். கரையோரத்தில் கல்லுருவாய் ஏதேனும் தென்பட்டால் உடைக்காமலும் விற்காமலும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள்.